இரண்டு மொழியில் ஒரு சாவித்திரி

சாவித்திரியின் நடிப்பை முழுதாகப் பார்க்க வேண்டுமானால், தெலுங்கு ‘மிஸ்ஸம்மா’வையும் தமிழ் ‘மிஸ்ஸியம்மா’வையும் அடுத்தடுத்துப் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. எந்தத் திரைப்படப் பள்ளியிலும் நான் படித்தவள் இல்லை. திருத்தணியில் மலைக்குப் போகும் சாலையிலிருந்து பிரிகிற ஒரு தெருவில், பாதி தமிழும் பாதி தெலுங்கும் புழங்கிய வீட்டின் கூடத்தில், தரையில் உட்கார்ந்து பார்த்துப் பார்த்து வந்த கட்சி இது. தியேட்டரில் நான் பார்த்த படங்கள் கொஞ்சம். வீட்டில் பார்த்தவை ஏராளம். வயசுப் பெண்ணைத் தியேட்டருக்கு அனுப்பத் தயங்கிய காலம் அது. அதனால் நான் இழந்தது உண்டுதான். ஆனால் கூடத்தில் எனக்குக் கிடைத்த ஒன்று தியேட்டரில் கிடைத்திருக்காது. படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதைப் பற்றிப் பேசலாம். எங்கள் வீட்டில் எல்லோரும் பேசினார்கள்.

அதிகம் பேசியவர் அவ்வா, என் அம்மாவின் அம்மா. நகரியில் பிறந்து திருத்தணியில் வாழ்க்கைப்பட்டவர். ரயிலில் பொன்பாடி, வேங்கடநரசிம்மராஜுவாரிபேட்டை தாண்டினால் நகரி வந்துவிடும். இடையில் ஒரு மாநில எல்லை ஓடுகிறது. 1953 அக்டோபரில் ஆந்திர மாநிலம் உருவானபோது சித்தூர் மாவட்டத்தோடு திருத்தணியும் அந்தப் பக்கம் போனது. ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் நடத்திய வடக்கெல்லைப் போராட்டம், படாஸ்கரின் சமரசம் எல்லாம் முடிந்து 1960 ஏப்ரல் 1ஆம் தேதி திருத்தணி தமிழ்நாட்டுப் பக்கம் வந்தது. நகரி அங்கேயே நின்றுவிட்டது. அவ்வாவுக்குப் பிறந்த வீடு ஒரு மாநிலம், புகுந்த வீடு வேறு மாநிலம். திருவிழாவுக்கும் சாவுக்கும் இரண்டு பக்கமும் ஆட்கள் போய் வந்துகொண்டே இருந்தார்கள். என் நைனா தமிழ்தான் பேசுவார். அப்பாவை ‘நைனா’ என்று கூப்பிடுகிற பழக்கம் மட்டும் அம்மா வழியில் எங்களுக்கு வந்தது.

நைனா வீட்டுப் பின்கட்டில் விசைத்தறி போட்டு லுங்கி நெய்தார். தறி ஓடினால் வீட்டில் பேச்சே கேட்காது. 1985 வாக்கில் சாலிடேர் டி.வி. வந்த பிறகு ஞாயிறு மாலைகளில் தறி நின்றது. சென்னைத் தூர்தர்ஷன் அப்போதெல்லாம் ஞாயிறு மாலையில்தான் படம் போடும். தறிச் சத்தம் ஓய்ந்தால் தெருவில் உள்ளவர்களுக்குப் படம் தொடங்கப் போகிறது என்று தெரியும். ஆளாளுக்கு வந்து உட்கார்ந்துவிடுவார்கள். சென்னை எங்களுக்கு ஏறத்தாழ 85 கிலோமீட்டர். உயரமான குழாயில் ஆன்டெனா கட்டி, பூஸ்டர் போட்டாலும் காற்றடித்தால் படம் கலங்கும். அந்தக் கலங்கலில்தான் நாங்கள் பீம்சிங்கையும் ஸ்ரீதரையும் ஏ.பி.நாகராஜனையும் பார்த்து முடித்தோம்.

தெலுங்குப் படம் அப்படிச் சுலபமாக வராது. ஞாயிறு மதியம் டில்லி ஒளிபரப்பில் மாநில மொழிப் படங்கள் போடும்போது எப்போதாவது ஒன்று வரும். அவை பெரும்பாலும் விருதுப் படங்கள், அவ்வாவுக்கு ஆகாதவை. அவர் கேட்ட தெலுங்குப் படங்கள் டெக் வழியாகத்தான் வந்தன. ஆடிக் கிருத்திகைக்கு நகரியிலிருந்து மாமா குடும்பத்தோடு வருவார். பூக்காவடிகள் மலையேறி இறங்கி, சரவணப் பொய்கைப் பக்கம் கூட்டம் நெரிந்துகொண்டிருக்கும். ஊரே தூங்காத அந்த நாட்களில் நைனா டெக் வாடகைக்கு எடுப்பார். கேசட் தேர்வில் ஒரு பங்கீடு இருந்தது. நைனாவுக்கு ஒரு எம்.ஜி.ஆர். படம், அவ்வாவுக்கு ஒரு தெலுங்குப் படம், பிள்ளைகளுக்கு ஒரு ரஜினி படம். விடிய விடிய ஓடும். காலையில் கேசட்டைத் திருப்பிக் கொடுக்கும்வரை ஓடும்.

அப்படி ஒரு கிருத்திகைக்கு மாமா நகரியிலிருந்து ‘மிஸ்ஸம்மா’ கேசட் கொண்டுவந்தார். எங்கள் ஊர்க் கடையில் தற்செயலாகத் தமிழ் ‘மிஸ்ஸியம்மா’ கிடைத்தது. இரண்டும் ஒரே கதை, எதற்கு இரண்டையும் போடுவது என்று நைனா கேட்டார். “போட்றா, பாப்போம்” என்றார் அவ்வா. மாப்பிள்ளையை ‘டா’ போட்டுப் பேசுகிற உரிமை அவருக்கு மட்டும் உண்டு. நைனா அதைச் சந்தோஷமாக வாங்கிக்கொள்வார்.

1955 பொங்கலை ஒட்டி இரண்டு மொழியிலும் சில நாள் இடைவெளியில் வந்த படம் அது. விஜயா புரொடக்‌ஷன்ஸ் தயாரிப்பு, இயக்கம் எல்.வி.பிரசாத், ஒளிப்பதிவு மார்கஸ் பார்ட்லி, இசை எஸ்.ராஜேஸ்வர ராவ். வேலை கிடைக்காத ஒருவனும் ஒருத்தியும் புருஷன் பெண்டாட்டி என்று பொய் சொல்லி ஒரு ஜமீன்தாரின் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வேலைக்குச் சேருகிறார்கள். அவள் கிறிஸ்தவப் பெண், பெயர் மேரி. வீட்டுக்கு உள்ளே சண்டை, வெளியே தாம்பத்தியம். இரண்டு படத்திலும் மேரி சாவித்திரிதான். ஜமீன்தார் எஸ்.வி.ரங்காராவ், அவர் மகள் ஜமுனா. மாறுகிறவர்கள் மற்றவர்கள். கதாநாயகன் தெலுங்கில் என்.டி.ராமராவ், தமிழில் ஜெமினி கணேசன். துப்பறியும் இளைஞன் தெலுங்கில் அக்கினேனி நாகேஸ்வர ராவ், தமிழில் கே.ஏ.தங்கவேலு.

முதலில் தெலுங்கு ஓடியது. பிறகு தமிழ். நான் அப்போது ஒன்பதாம் வகுப்பு. தமிழ்ப் படம் தொடங்கி அரை மணி நேரத்துக்குள் எனக்கு ஒன்று பிடிபட்டது. சாவித்திரியின் கோபம் வேறாக இருந்தது. ராமராவ் அசையாமல் நிற்பவர். அவர் முகத்தில் ஒரு குறும்பு ஒளிந்திருக்கும். உடம்பு கல் மாதிரி நிற்கும். அவரை எதிர்க்கிற சாவித்திரி வெடுக்கென்று திரும்புகிறார், வசனத்தை வீசிவிட்டுப் போகிறார். ஜெமினி அப்படி இல்லை. அவர் குழைந்து நிற்பவர், கெஞ்சுகிறவர். அவரிடம் சாவித்திரிக்கு அவ்வளவு வேகம் தேவைப்படவில்லை. கோபத்தை வாயோரத்தில் நிறுத்திக்கொள்கிறார். ஒரே கதாபாத்திரம், ஒரே நடிகை. ஆனால் எதிரில் நிற்கும் ஆளும் பேசுகிற மொழியும் மாறியதும் கழுத்தும் தோளும் மாறிவிட்டன. அவர் மனப்பாடம் செய்ததை ஒப்பிக்கவில்லை, எதிரே இருப்பவரைக் கேட்டுவிட்டுப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். நடிப்பு என்பது என்ன என்று எனக்கு முதன்முதலில் விளங்கியது அன்றைக்குத்தான்.

அவ்வா ராமராவ் பக்கம். “ஆம்பளைன்னா இப்படி நின்னுக்கினு இருக்கணும்” என்றார். அம்மா ஜெமினி பக்கம். எனக்கும் ஜெமினிதான் சரியென்று பட்டது, இன்றும் அப்படித்தான். பொய்யான கல்யாணத்துக்குள் மாட்டிக்கொண்டவனுக்குக் கொஞ்சம் தடுமாற்றம் வேண்டும். ராமராவிடம் அது இல்லை. ஆனால் துப்பறிவாளன் வேடத்தில் நாகேஸ்வர ராவை மிஞ்ச முடியாது. ‘தேவதாசு’ 1953இல் வந்து அவரைக் கண்ணீர் நாயகனாக்கியிருந்தது. அதைக் களைந்துபோட இந்தச் சிரிப்பு வேடத்தை அவரே விரும்பி ஏற்றார் என்பார்கள். தான் முட்டாள்தனமாக நடந்துகொள்கிறோம் என்பதே தெரியாத ஒரு அப்பாவியை அவர் செய்திருக்கிறார். தங்கவேலுவுக்கு நகைச்சுவை கைவந்த கலை. அவர் சிரிக்க வைக்கிறார். நாகேஸ்வர ராவைப் பார்த்தால் சிரிப்போடு ஒரு பரிவும் வருகிறது. இந்த விஷயத்தில் எங்கள் வீட்டில் கருத்து வேறுபாடு கிடையாது.

ரங்காராவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவருடைய தமிழில் தெலுங்கின் கனம் இருக்கும். சொல்லை அழுத்தி நிறுத்துவார். இன்று யாராவது இயக்குநர் அதைக் கேட்டால் வேறு குரல் போட்டுத் துடைத்து எடுத்துவிடுவார். நல்லவேளை, அன்று அப்படிச் செய்யவில்லை. ‘படிக்காத மேதை’யில் அந்தப் பெரியவருக்குச் சுத்தமான தஞ்சாவூர்த் தமிழ் கொடுத்திருந்தால் நாம் அழுதிருப்போமா? எங்கள் தெருவில் பாதிப் பேர் அவர் மாதிரித்தான் தமிழ் பேசினார்கள். நாங்கள் டி.வி.யில் எங்கள் பெரியப்பாவைப் பார்த்தோம்.

‘மாயாபஜார்’ அதற்குப் பிறகு வந்தது. 1957இல் கே.வி.ரெட்டி எடுத்தது, தெலுங்கு மார்ச்சில், தமிழ் ஏப்ரலில் வெளியானது. இரண்டிலும் கிருஷ்ணன் ராமராவ், கடோத்கஜன் ரங்காராவ், வத்சலாவாக (தெலுங்கில் சசிரேகாவாக) சாவித்திரி. அபிமன்யு அங்கே நாகேஸ்வர ராவ், இங்கே ஜெமினி. சகுனி அங்கே சி.எஸ்.ஆர்., இங்கே எம்.என்.நம்பியார். மகாபாரதத்துக் கதைதான், ஆனால் பஞ்சபாண்டவரில் ஒருவர்கூடப் படத்தில் தலைகாட்டுவதில்லை. எனக்கு இதைச் சொன்னவர் அவ்வா. அவருக்குக் கையெழுத்துப் போட மட்டும் தெரியும். திரைக்கதை என்ற சொல்லைக் கேட்டிருக்க மாட்டார். “அவங்க வந்தா இந்தக் குழந்தைங்க கதை கெட்டுப்பூடும், அதான் வரல” என்று முடித்துவிட்டார். இதைவிட நல்ல விமர்சனம் அந்தப் படத்துக்கு நான் எங்கும் படித்ததில்லை.

அதில் கடோத்கஜன் மாயையால் வத்சலா உருவெடுத்து வருகிறான். இப்போது சாவித்திரி ரங்காராவாக நடிக்க வேண்டும்! நடை அகலமாகிறது, தோள் விரிகிறது. சட்டென்று நினைவு வந்து பெண்ணின் நாணத்துக்குத் திரும்புகிறார். மணமேடையில் மாப்பிள்ளையின் காலை மிதித்துக்கொண்டே ஒன்றும் தெரியாத முகத்தோடு உட்கார்ந்திருக்கிறார். மிதி வாங்குகிற லட்சுமணகுமாரன் தமிழில் தங்கவேலு, தெலுங்கில் ரேலங்கி. இந்த ஒரு காட்சிக்காக மட்டும் நாங்கள் கேசட்டைப் பின்னுக்கு ஓட்டி ஓட்டிப் பார்த்திருக்கிறோம். கேசட்டில் அந்த இடம் மட்டும் தேய்ந்து கோடு விழுந்துவிடும்; கடைக்காரர் திட்டுவார். வீட்டில் படம் பார்ப்பதில் உள்ள பெரிய சுகம் அதுதான். பிடித்த இடத்தில் நிறுத்தலாம், திரும்பப் போகலாம், இந்த முறை வேறு ஒருவருடைய முகத்தைப் பார்க்கலாம்.

இவை எல்லாம் சென்னை வடபழனியில் விஜயா வாஹினி ஸ்டுடியோவில் பிறந்த படங்கள். நாகி ரெட்டியும் சக்ரபாணியும் ஒரே அரங்கைப் போட்டு, அதே விளக்கில் இரண்டு மொழிக்கும் தனித்தனியாக நடிக்க வைத்தார்கள். அம்புலிமாமாவையும் தெலுங்குச் சந்தமாமாவையும் நடத்தியவர்களும் அவர்களே. அவ்வா அதை எழுத்துக்கூட்டிக்கூடப் படித்ததில்லை. மாமா வாசிக்கக் கேட்பார். நான் தமிழில் படித்து அதே கதையை அவருக்குச் சொன்னால், “இது எனக்குத் தெரியும்” என்பார்.

நைனாவின் எம்.ஜி.ஆர். படங்களைப் பற்றி இங்கே விவரிக்கப் போவதில்லை. ஒன்றை மட்டும் சொல்கிறேன். ‘எங்க வீட்டுப் பிள்ளை’ (1965), ராமராவின் ‘ராமுடு பீமுடு’ (1964) படத்தின் தமிழ் வடிவம். இரண்டையும் இயக்கியவர் தாபி சாணக்யா. கோழைத் தம்பியின் வேடத்தில் ராமராவ் நன்றாகச் செய்திருக்கிறார். ஆனால் சவுக்கு கை மாறுகிற இடத்தில் எம்.ஜி.ஆருக்கு வருகிற மின்சாரம் தனி. இதில் அவ்வாவே தன் கட்சியை விட்டுக் கொடுத்தார். இருவரும் பிற்பாடு எல்லைக்கு இரு பக்கமும் முதலமைச்சர்களானார்கள். ஒரு ரயில் பயணத்தில் இருவரின் சுவரொட்டிகளையும் பார்த்து வளர்ந்தவள் நான்.

ஊர்ப் பிள்ளையாக நான் தவறவிடாத படம் ‘கந்தன் கருணை’. 1967இல் ஏ.பி.நாகராஜன் எடுத்தது. சிவகுமார் முருகன், கே.ஆர்.விஜயா தெய்வானை, ஜெயலலிதா வள்ளி, சிவாஜி வீரபாகு. தூர்தர்ஷன் இதைப் போடும்போதெல்லாம் எங்கள் தெரு நிறைந்துவிடும். திருத்தணி, சூரனோடு போரிட்ட சினம் தணிந்து முருகன் வந்தமர்ந்த மலை, வள்ளியை மணந்த தலம் என்பது எங்களுக்குக் கதையாகச் சொல்லப்பட்டதில்லை. வீட்டு முகவரி மாதிரி தெரிந்த விஷயம். அதனால் அட்டை மலையும் பெயின்ட் அடித்த வானமும் எங்களுக்கு உறுத்தும். சிவாஜி வந்ததும் அதெல்லாம் மறந்துபோகும். ஒரு துணைப் பாத்திரத்தை ஏற்றுக்கொண்டு படத்தையே தன் நடையால் தூக்கிவிடுகிறார். சரி, அவர் சிவாஜி.

ஆனால் அந்தப் படத்தில் எனக்கு உயர்வாகப் படுவது கே.வி.மகாதேவனின் இசை. சிறந்த இசையமைப்பாளருக்கான தேசிய விருது முதன்முதலாகக் கொடுக்கப்பட்டபோது, அது ‘கந்தன் கருணை’க்காக அவருக்குத்தான் போனது. பிறகு ‘சங்கராபரணம்’ படத்துக்காக அதே மகாதேவன் மறுபடியும் அந்த விருதை வாங்கினார். ஒன்று தமிழ், மற்றது தெலுங்கு. நாகர்கோவில் பக்கத்து மனிதர் ஒருவர் தியாகராஜரின் மொழியில் ஆந்திரத்தையே கட்டிப்போட்டார். 1980இல் வந்த ‘சங்கராபரண’த்தை நாங்கள் டெக்கில் பார்த்தோம். அவ்வா முதல் பாட்டிலேயே அழ ஆரம்பித்தவர், முடியும்வரை முந்தானையைக் கண்ணிலிருந்து எடுக்கவில்லை. கர்நாடக சங்கீதம் அவருக்குப் பழக்கமில்லை. கோயில் நாதஸ்வரம்தான் அவர் கேட்ட சங்கீதம். இன்னும் அந்தப் படத்தைப் பார்க்காத தமிழர் யாராவது இருந்தால் அவருக்காக உண்மையிலேயே வருத்தப்படுகிறேன்.

‘மரோசரித்ரா’ வேறு மாதிரி. 1978இல் கே.பாலசந்தர் கறுப்பு வெள்ளையில் எடுத்த தெலுங்குப் படம். விசாகப்பட்டினத்தில் தமிழ்ப் பையன் கமலுக்கும் தெலுங்குப் பெண் சரிதாவுக்கும் காதல். தமிழில் மொழிமாற்றம் செய்யாமலே சென்னை சஃபயர் தியேட்டரில் ஐந்நூறு நாளுக்கு மேல் ஓடியது. எல்.வி.பிரசாத் தயாரிக்க, இந்தியில் ‘ஏக் தூஜே கே லியே’ ஆகி வடக்கையும் கலக்கியது. சரிதாவுக்கு முதல் படம். அந்தக் கறுப்பு முகத்தில் கண்கள் பேசுகிற பேச்சுக்கு ஈடு கிடையாது. இருந்தாலும் எங்கள் வீட்டில் இந்தப் படம் எடுபடவில்லை. இரண்டு வீட்டுப் பெரியவர்களும் மொழியை வைத்து அப்படிப் பகைக்கிறார்கள் என்பதை எங்களால் நம்ப முடியவில்லை. எங்கள் தெருவில் தமிழ் வீட்டுக்குத் தெலுங்குப் பெண் மருமகளாக வருவது சாதாரணம். சண்டை வந்தால் சீருக்காக வரும், நிலத்துக்காக வரும். முடிவைப் பார்த்துவிட்டு அம்மா எழுந்து போய்விட்டார். “அந்தப் பொண்ண எதுக்கு இப்படிப் பண்ணணும்?” என்று மறுநாளும் கேட்டுக்கொண்டிருந்தார். பாலசந்தரின் திறமை பற்றி எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்தக் கொடூரமான முடிவு பார்ப்பவரைக் கலங்கடிப்பதற்காகவே வைத்தது என்றுதான் நானும் நினைக்கிறேன்.

அடுத்து வந்தது மொழிமாற்றப் படங்களின் காலம். ‘இதுதாண்டா போலீஸ்’, ‘வைஜயந்தி ஐ.பி.எஸ்.’, ராம்கோபால் வர்மாவின் ‘சிவா’ தமிழில் ‘உதயம்’ ஆனது, பிறகு ‘அம்மன்’. தமிழ்நாடு முழுக்க இவற்றைக் கொண்டாடியது. விஜயசாந்தியைப் போலீஸ் உடையில் பார்த்து எங்கள் தெருப் பெண்கள் விசில் அடித்தார்கள். எனக்கும் சந்தோஷமாக இருந்தது. ஆனால் குரல்? எல்லோரும் ஒரே மாதிரிக் கத்தினார்கள். உதடு ஒரு பக்கம், வசனம் ஒரு பக்கம். வில்லனும் தகப்பனும் ஒரே தொண்டை. தெலுங்கில் பார்த்த ‘அம்மோரு’வில் சௌந்தர்யாவின் பயத்தில் இருந்த நடுக்கம் தமிழ் ‘அம்மனில்’ வெறும் அழுகையாக மாறியிருந்தது. கோடி ராமகிருஷ்ணாவின் கிராபிக்ஸ் இரண்டிலும் ஒன்றுதான். மனிதர்கள்தான் தமிழில் சின்னதாகிவிட்டார்கள். வாஹினியில் இரண்டு முறை நடிக்க வைத்தவர்கள் பணத்தை வீணாக்கவில்லை என்பது எனக்கு அப்போது உறைத்தது.

மொழி மாற்றுவதற்குப் பதில் மறுபடி எடுத்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு ‘கில்லி’ நல்ல சாட்சி. குணசேகரின் ‘ஒக்கடு’ 2003இல் வந்தது. தரணி அதை 2004இல் தமிழில் எடுத்தார். கர்னூல் போய் மதுரை வந்தது, மகேஷ் பாபு போய் விஜய் வந்தார். வில்லன் மட்டும் இரண்டிலும் பிரகாஷ்ராஜ். ‘ஒக்கடு’வில் அவர் இறுக்கமான ஆள், நிஜமாகவே பயமாக இருக்கும். ‘கில்லி’யில் அதே ஆளுக்கு ஒரு கொஞ்சல் வந்துவிட்டது. அந்தப் பெண்ணை அவன் ஒருவேளை நிஜமாகவே நேசிக்கிறானோ என்று ஒரு கணம் நினைக்க வைக்கிறார். அதனால் பயம் இன்னும் கூடுகிறது. ரங்காராவுக்குப் பிறகு இரண்டு மொழியிலும் சொந்தக் குரலோடு வாழ்ந்த பெரிய நடிகர் பிரகாஷ்ராஜ்தான். ‘கில்லி’தான் மேலான படம் என்று நான் எங்கள் நகரி உறவினர்களிடமே வாதாடியிருக்கிறேன். ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

தொண்ணூறுகளின் நடுவில் கேபிளோடு ஈ.டி.வி.யும் ஜெமினியும் வந்தன; அவ்வாவுக்குத் தெலுங்குப் படத்துக்காகக் கிருத்திகை வரை காத்திருக்க வேண்டியதில்லை என்றானது. அவர் படத்தைவிட அதிகம் பார்த்தது எஸ்.பி.பாலசுப்பிரமணியம் நடத்திய ‘பாடுதா தீயகா’ நிகழ்ச்சியை. எஸ்.பி.பி. பிறந்தது எங்கள் பள்ளிப்பட்டுப் பக்கத்துக் கோணேட்டம்பேட்டை. சின்ன வயதில் நகரியில் மாமா வீட்டில் தங்கிப் படித்தவர். இதனால் அவரைத் தன் ஊர்ப் பிள்ளை என்று அவ்வா உரிமை கொண்டாடினார். தவறாகப் பாடிய குழந்தையை அவர் எவ்வளவு பொறுமையாகத் திருத்துகிறார் என்பதை அவ்வா கவனித்துக்கொண்டே இருப்பார். தெலுங்கில் ‘சாகர சங்கம’த்துக்கும் தமிழில் ‘மின்சார கன’வுக்கும் தேசிய விருது வாங்கிய குரல் அது. எந்த மொழியில் பாடினாலும் அந்த மொழிக்காரராகவே தெரிந்தார். ஊரடங்குக் காலத்தில், 2020 செப்டம்பர் 25ஆம் தேதி அவர் போய்விட்டார். தாமரைப்பாக்கத்தில் அடக்கம் செய்ததை டி.வி.யில் பார்த்தோம். பிறந்த ஊரும் மண்ணுக்குள் போன இடமும் எங்கள் திருவள்ளூர் மாவட்டம்தான். அவ்வா அதற்குப் பல வருடம் முன்பே காலமாகியிருந்தார்.

இப்போது கூடத்தில் பெரிய டி.வி. இருக்கிறது. ரிமோட்டில் மொழியை மாற்றிக்கொள்ள வழி இருக்கிறது. 2022 பொங்கல் சமயத்தில் ‘புஷ்பா’ ஓ.டி.டி.க்கு வந்தபோது என் மகன் தமிழில் போட்டான். பத்து நிமிடம் பார்த்துவிட்டு நான் தெலுங்குக்கு மாற்றச் சொன்னேன். சாய்ந்து உட்கார்ந்திருந்த அம்மா நிமிர்ந்துவிட்டார். “இது எங்கம்மா பேச்சு” என்றார். சித்தூர்ப் பக்கத்துத் தெலுங்கு அது. சேஷாசலக் காட்டில் செம்மரம் வெட்டுகிற கூலிக்காரனின் பேச்சு. கடற்கரை ஜில்லாக்காரர்கள் சினிமாவில் நெடுங்காலம் நகைச்சுவைக்கு மட்டும் வைத்திருந்த பேச்சு. அல்லு அர்ஜுன் அதை நாயகனின் பேச்சாக்கி, தோளைத் தூக்கிக்கொண்டு நடந்து, சிறந்த நடிகருக்கான தேசிய விருதும் வாங்கினார். தெலுங்கு நடிகர் ஒருவருக்கு அது முதல்முறை. தமிழ்க் குரலில் கேட்டால் அவர் ஒரு ரவுடி மட்டும்தான். தெலுங்கில் கேட்டால் எந்த ஊர், எந்த வர்க்கம், எவ்வளவு அவமானப்பட்டவன் என்பதெல்லாம் தெரிகிறது.

படத்தை அதற்காக முழுக்க ஏற்றுக்கொண்டேன் என்றில்லை. பணம் கொடுத்து ஒரு பெண்ணைச் சிரிக்க வைப்பதைக் காதல் என்று காட்டுவது அருவருப்பு. அவளுக்கு ஸ்ரீவள்ளி என்று பெயர் வேறு. வள்ளியைத் தாயாராகக் கும்பிடுகிற ஊரில் உட்கார்ந்துகொண்டு அந்தக் காட்சியைப் பார்க்க என்னால் முடியவில்லை. மகனிடமும் அதைச் சொன்னேன். அவன் கேட்டுக்கொண்டான்.

வெங்கடேஷ் மஹாவின் ‘கேராஃப் கஞ்சரபாலம்’ படத்தையும் (2018) அவனுக்குத் தெலுங்கிலேயே போட்டுக் காட்டினேன். விசாகப்பட்டினத்தின் அந்தப் பேட்டைக்காரர்களே பலர் நடித்த படம். அவனுக்குத் தெலுங்கு அரைகுறை. கீழே எழுத்து வரியைப் படித்துக்கொண்டே பார்த்தான். வினோத்ராஜின் ‘கூழாங்கல்’ ராட்டர்டாமில் புலி விருது வாங்கிவிட்டுத் தியேட்டருக்கு வராமல் 2023இல் நேராக ஓ.டி.டி.க்கு வந்தபோது, அதில் வசனமே மிகக் குறைவு என்பதால் எழுத்து வரி இல்லாமல் பார்த்தோம். வெயிலில் நடக்கிற அந்தத் தகப்பனின் காலடிச் சத்தத்திலேயே அவன் குடித்திருக்கிறான் என்பது தெரியும். அதை யார் எந்த மொழிக்கு மாற்ற முடியும்?

பணமும் காலமும் போதாது என்று தயாரிப்பாளர்கள் சொல்வதில் நியாயம் இருக்கலாம். எல்லாப் படத்தையும் இரண்டு முறை எடுக்க இன்று யாராலும் ஆகாது. ‘பாகுபலி’ தமிழிலும் தனியாகப் படமாக்கப்பட்டது, அதன் பலன் ரம்யா கிருஷ்ணனிடமும் நாசரிடமும் சத்யராஜிடமும் தெரிகிறது. அப்படி எடுக்க முடியாதவர்கள் மூலக் குரலையாவது எங்களுக்கு விட்டுவைக்கட்டும். தமிழ்நாட்டுத் தியேட்டர்களில் தெலுங்குப் படம் தெலுங்கிலும் மலையாளப் படம் மலையாளத்திலும் எழுத்து வரியோடு ஓட வேண்டும், சிறு ஊர்களிலும் ஓட வேண்டும். வீட்டில் பார்ப்பவர்களுக்கு அந்தக் காத்திருப்பும் தேவையில்லை. மொழி தெரியவில்லையே என்று தயங்காதீர்கள். எழுத்து வரியைப் போட்டுக்கொண்டு, மூல மொழியில் பாருங்கள். முதலில் ‘மிஸ்ஸம்மா’, அடுத்த நாள் ‘மிஸ்ஸியம்மா’. இரண்டும் தேடினால் கிடைக்கின்றன. வீட்டில் வயசானவர்கள் இருந்தால் அவர்களையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். நடுநடுவே பேசினால் பேசட்டும், தடுக்க வேண்டாம்.